அண்ணாச்சியின் மீசையும் காற்று மெஷினும்

போன மாதம் பிரஷர் பார்த்துக்கொள்வதற்காக, நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அதே ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். ஆபரேஷன் தியேட்டரில் என் இடத்தில் இப்போது இருக்கிறவள் முத்துச்செல்வி. முறையாகப் படித்துவிட்டு வந்தவள். “சார், இதைப் பாத்துட்டுப் போங்க” என்று உள்ளே கூட்டிப்போய் ஒரு பெட்டியைக் காட்டினாள். சாப்பாட்டு டப்பா அளவுதான் இருக்கும். தூக்கத்தில் மூச்சு நின்றுபோகிறவர்களுக்குக் காற்றுக் கொடுக்கிற மெஷினாம். சுவிட்சைப் போட்டாள். ஓடுகிறதா இல்லையா என்றே தெரியவில்லை. காதை வைத்துப் பார்த்தேன். கூடவே வந்த மூக்கு மாஸ்க், நான் இருந்த காலத்தில் வந்ததைவிட இன்னும் சின்னது. மூக்குத் துவாரத்தில் பொருத்தி வைத்தால் போதும்.

“இதுல ஒரு வசதி சார். மீசை வச்சிருந்தாலும் காத்து லீக் ஆகாது” என்றாள்.

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் என்னவோ ஆகிவிட்டது. பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். அவள் பதறிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

“தண்ணி வேண்டாம் தாயி. பெருமாள்சாமி அண்ணாச்சி நெனப்பு வந்துட்டு” என்றேன்.

யார் சார் அது என்று கேட்டாள். நின்ற நிலையில் சொல்கிற சங்கதியா அது? எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் அந்த ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் தள்ளுகிற வேலைக்குச் சேர்ந்தேன். அப்புறம் தியேட்டரைக் கழுவினேன். அப்புறம் கருவிகளை வேகவைத்தேன். ஈதர் வாடையில் நோயாளிக்கு முன்னால் எனக்குத்தான் தலை சுற்றும். மயக்க மருந்து டாக்டரம்மா ஒருநாள் என்னைப் பார்த்து, “முருகேசா, உன் கை நடுங்கலை. இங்க வந்து நில்லு” என்றார். அதுதான் எனக்குக் கிடைத்த படிப்பு, பட்டம், பதவி எல்லாம். ஓய்வு பெறும்வரை அந்த இடத்தில்தான் நின்றேன்.

டாக்டரம்மாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவர் கத்தி நான் கேட்டதில்லை. சாதாரண நாளில் “வா, போ, முருகேசா” என்பார். கோபம் வந்தால் மரியாதை கூடிவிடும். “முருகேசன், நீங்க இந்த சிலிண்டரைப் பாத்தீங்களா?” என்று கேட்டால் அன்றைக்கு நான் தொலைந்தேன் என்று அர்த்தம். மாஸ்க் பிடிக்கக் கற்றுக்கொடுத்தபோது முதலில் என்னை மேஜையில் படுக்க வைத்து, என் முகத்திலேயே வைத்து அழுத்தினார். “இப்ப எப்படி இருக்கு?” என்றார். மூச்சு முட்டுது என்றேன். “இதை மறந்துடாதே. படுத்திருக்கிறவனுக்கும் அப்படித்தான் இருக்கும்” என்றார். மாஸ்க்கை முகத்தில் அமுக்கக் கூடாது, தாடையைத் தூக்கி மாஸ்க்குக்குள் கொண்டுவர வேண்டும் என்பது அவர் பாடம். பல் இல்லாத கிழவர்களுக்குக் கன்னம் ஒட்டிக்கிடக்கும். காற்று பக்கவாட்டில் போய்விடும். வாய்க்குள் இருபுறமும் துணிச் சுருள் வைத்துக் கன்னத்தை உப்ப வைப்போம். தாடிக்காரர் வந்தால் வாஸ்லின். எல்லாம் காற்றை ஒழுகவிடாமல் பிடிக்கிற வேலைதான். என் வாழ்க்கையே அதில் போயிற்று, போங்கள்.

பெருமாள்சாமி அண்ணாச்சி தனியார் பஸ் டிரைவர். கோவில்பட்டியிலிருந்து விளாத்திகுளம் வழியாகக் குளத்தூர் போகிற வண்டி. வீடு நாகலாபுரத்தில். மனைவி காலமாகிவிட்டார், மகள்களைக் கட்டிக்கொடுத்தாயிற்று. வீட்டில் அவரும் அவர் அம்மா கோப்பம்மாளும்தான். எங்கள் ஊர் அந்த ரூட்டில் இருந்ததால் நான் தினமும் அவர் வண்டியில் வருவேன். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் எனக்கு ஓர் இடம். என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர். ஆனாலும் பேச்சில் அந்த வித்தியாசமே கிடையாது. ஆள் நல்ல கனம், கழுத்து என்று தனியாக எதுவும் இருக்காது. மீசை மட்டும் தனி ஆள். இரண்டு பக்கமும் முறுக்கிவிட்டால் கன்னத்தில் ஏறி உட்காரும். ‘மீசைக்காரர் வண்டி’ என்றுதான் வழியிலுள்ள ஊர்களில் சொல்வார்கள். ஆட்டை ஓட்டிக்கொண்டு ரோட்டைக் கடக்கிறவர்கள் ஹாரனுக்கு நகர மாட்டார்கள், அந்த மீசையைப் பார்த்தால் சிரித்துக்கொண்டே வழி விடுவார்கள்.

அவருக்கு ஒரு தொந்தரவு இருந்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்கிவிடுவார். கையில் டீ கிளாஸ் இருக்கும், பாதி வார்த்தை வாயில் இருக்கும், ஆள் போய்விடுவார். குறட்டை என்றால் அப்படி ஒரு குறட்டை. பஸ் ஷெட்டில் அவர் படுத்தால் மற்ற டிரைவர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு வேறு இடம் பார்ப்பார்கள். நாங்களெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். அவரும் சேர்ந்துதான் சிரித்தார்.

ஒருநாள் உச்சி வெயிலில் விளாத்திகுளம் தாண்டிப் போய்க்கொண்டிருந்த வண்டி, மெதுவாக ரோட்டை விட்டு இறங்கிப் பருத்திக் காட்டுக்குள் போய் நின்றுவிட்டது. முந்தின நாள் மழை. கரிசல் மண் சக்கரத்தைக் கவ்விப் பிடித்துக்கொண்டது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. “என்ன டிரைவரே, பருத்தி எடுக்கவா எறக்கிவிடுதீரு?” என்று யாரோ கேட்டிருக்கிறார்கள். கண்டக்டர் முன்னால் போய்ப் பார்த்தால் அண்ணாச்சி ஸ்டியரிங்கில் கை வைத்தபடி குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறார். எதிரே ஒரு லாரி வந்திருந்தால்? அந்த இடத்தில் ரோட்டோரம் கிணறு இருந்திருந்தால்? முதலாளி அவரை வண்டியிலிருந்து இறக்கி ஷெட்டில் உட்கார வைத்துவிட்டார். “சரியாயிட்டுன்னு டாக்டர் சொல்லட்டும், வண்டியக் குடுக்கேன்” என்று அவரும் நியாயமாகத்தான் சொன்னார்.

நான் ஷெட்டுக்குப் போனபோது அண்ணாச்சி டயர் மேல் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் அழுதுவிட்டார். அவ்வளவு பெரிய மீசைக்குக் கீழே உதடு துடிப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

“வண்டியில அம்புட்டுப் புள்ளத்தாச்சியும் புள்ளைகளும் இருந்துச்சுடே முருகேசு. ஸ்டியரிங் இல்லாம எனக்கு என்ன கெடக்கு? ஆனா இந்தக் கண்ணு இருக்க இருப்புல நானே அதுல உக்கார மாட்டேன்” என்றார்.

டாக்டரம்மாவிடம் சொன்னேன். கூட்டிக்கொண்டு வா என்றார். ஆபரேஷன் இல்லாத ஒரு மத்தியானம், தியேட்டருக்குப் பக்கத்து அறையில் ஜன்னலைச் சாத்தி அண்ணாச்சியைப் படுக்க வைத்தோம். தலை தலையணையைத் தொட்டதுதான் தாமதம், குறட்டை ஆரம்பித்துவிட்டது. வராந்தாவில் போன நர்சுகள் எட்டிப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. கட்டிலோரம் உட்கார்ந்து அவர் மூக்கருகில் புறங்கையை வைத்துக்கொண்டார். திடீரென்று குறட்டை நின்றது. நல்லதுதானே என்று நினைத்தேன். டாக்டரம்மா என் கையைப் பிடித்து மூக்கருகில் வைத்தார். காற்றே இல்லை. நெஞ்சு மட்டும் தூக்கித் தூக்கி அடிக்கிறது. முகம் கறுக்கிறது. நான் அவரை உலுக்கப் போனேன். “பொறு” என்றார். கடைசியில் ஒரு பெரிய செருமலோடு மூச்சு வந்தது. மறுபடி குறட்டை. மறுபடி அதே மாதிரி நின்றது. இத்தனை நாள் இதைச் சொல்லித்தானா சிரித்தோம் என்று இருந்தது எனக்கு.

எழுந்ததும் டாக்டரம்மா அவரிடம் விளக்கினார். தூங்கும்போது தொண்டைச் சதை தளர்ந்து மூச்சு வழியை மூடிவிடுகிறது. ஒவ்வொரு தடவையும் உடம்பு அரைகுறையாக விழித்துத் திறந்துகொள்கிறது. அதனால் படுத்திருந்தாரே தவிர அவர் தூங்கியே பல வருஷம் ஆகிறது.

“எங்கம்மா அமுக்குவான் பேய்னு சொல்லுதா. தாயத்துகூடக் கட்டியிருக்கு” என்று அண்ணாச்சி இடுப்பைத் தொட்டுக் காட்டினார்.

“பேர் என்னவா இருந்தா என்ன, தொண்டையிலதான் உட்கார்ந்திருக்கு. அதை எழுப்பிவிட ஒரு மெஷின் இருக்கு” என்றார் டாக்டரம்மா.

எண்பதுகள் முடியப்போகிற சமயம் அது. டாக்டரம்மாவின் தம்பி வெளிநாட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் டாக்டர். லீவில் வந்தபோது, அங்கே கழித்துப்போட்ட பழைய மெஷின் ஒன்றை அக்காவுக்காகத் தூக்கிக்கொண்டு வந்தார். டிரங்குப் பெட்டி மாதிரி கனம். அதன் பிளக் நம் ஊர்ச் சுவருக்குப் பொருந்தாது. வெட்டிவிட்டு வேறு மாட்டினேன். போட்டால் மாவு மில் ஓடுகிற சத்தம். அதிலிருந்து ஒரு தடித்த குழாய், குழாய் முனையில் மூக்கை மட்டும் மூடுகிற ரப்பர் மாஸ்க், தலையைச் சுற்றிக் கட்டப் பட்டை. மூக்கு வழியாக அழுத்தமாகக் காற்றை அனுப்பி, தொண்டை மூடாமல் பிடித்துக்கொள்ளும். குழாயைத் தண்ணீருக்குள் விட்டு எவ்வளவு ஆழம்வரை குமிழி வருகிறது என்று பார்த்துத்தான் டாக்டரம்மா அழுத்தத்தை அளந்தார். புழுதி உள்ளே போகாமலிருக்கக் காற்று இழுக்கிற வாய்க்கு வேட்டித் துணி கட்டினேன். சாயங்காலம் பார்த்தால் துணி கறுத்திருக்கும். நம் ஊர்க் காற்று அப்படி.

முதல் நாள் மாஸ்க்கை வைத்ததும் அண்ணாச்சி அதைப் பிய்த்து எறிந்துவிட்டு எழுந்து உட்கார்ந்துகொண்டார்.

“ஏலே! என்னைய டயர் டியூபுன்னு நெனச்சியா, காத்தடிக்கே!”

வாயைத் திறந்தால் மூக்கில் போன காற்று வாய் வழியாக ஊதிக்கொண்டு வரும். அப்படி அவர் பேச முயன்றபோது வந்த சத்தத்தைக் கேட்டு டாக்டரம்மாவே சிரித்துவிட்டார். வாய் திறக்காமலிருக்க தாடையைச் சேர்த்து உச்சந்தலைக்கு ஒரு துணி கட்டினேன். அண்ணாச்சி கண்ணாடியில் பார்த்துவிட்டு, “பொணத்துக்குக் கட்டுத மாதிரியே கட்டியிருக்கியேடே, பாவி” என்றார்.

மெல்ல மெல்லத்தான் பழக்கினோம். முதலில் மாஸ்க்கைக் கையில் கொடுத்து உள்ளங்கையில் காற்றைப் பிடிக்கச் சொன்னேன். பிறகு கன்னத்தில். பிறகு உட்கார்ந்தபடி மூக்கில் வைத்து, அவரே கையால் பிடித்துக்கொள்ள வேண்டும். எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடலாம். நான் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் வாசிப்பேன். “மூச்ச நீங்க இழுக்காதீங்க அண்ணாச்சி, அதுவா வரும். விடுறத மட்டும் நீங்க பாத்துக்கிடுங்க” என்பேன். என்னை மேஜையில் படுக்க வைத்து டாக்டரம்மா கொடுத்த அந்த மூச்சுமுட்டல் அப்போதுதான் எனக்கு உதவியது. சிறிய அழுத்தத்தில் கண்ணை மூடிக்கொள்கிற அளவுக்கு வந்துவிட்டார்.

ஆனால் சிறிய அழுத்தத்தில் அந்த அமுக்குவான் அசையவில்லை. கூட்டினோம். இன்னும் கூட்டினோம். அண்ணாச்சிக்கு அந்த மெஷினின் கடைசிக் குறிவரை தேவைப்பட்டது. அங்கேதான் மீசை குறுக்கே வந்தது. மேலுதட்டில் ரப்பர் படியவில்லை. மீசை வழியாகக் காற்று விசிலடித்துக்கொண்டு வெளியேறியது. பட்டையை இறுக்கினால் மேல்பக்கம் தூக்கிக் கண்ணுக்குள் அடித்தது. வாஸ்லின் பூசினோம், வழுக்கியது. பிளாஸ்திரி போட்டோம், ஒட்டவில்லை. “பேரிங் கிரீஸ் போட்டுப் பாப்பமா?” என்று அண்ணாச்சியே யோசனை சொன்னார். அதையும் போட்டுப் பார்த்தோம் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

டாக்டரம்மா பட்டையைக் கழற்றிவிட்டு அமைதியாகச் சொன்னார். “பெருமாள்சாமி, மீசையை எடுத்துடணும்.”

அண்ணாச்சி எழுந்தார். சட்டையை மாட்டினார். டாக்டரம்மாவுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வெளியே போய்விட்டார்.

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. எங்கள் பக்கத்தில் தாயோ தகப்பனோ செத்தால்தான் மகன் மீசையை எடுப்பான். அண்ணாச்சி அப்பாவுக்கு எடுத்து, பிறகு வளர்த்த மீசை அது. அம்மா உயிரோடு இருக்கும்போது மழித்துக்கொண்டு நிற்பது, அவள் செத்துவிட்டாள் என்று ஊருக்குச் சொல்வது மாதிரி. ஷெட்டில் போய்க் கெஞ்சிப் பார்த்தேன்.

“எங்கம்மா கல்லு மாதிரி இருக்கா முருகேசு. மழிச்ச மூஞ்சியோட போயி அவ முன்னால நிக்கச் சொல்லுதியா? நான் தூக்கத்துலயே போனாலும் போறேன். போயிட்டு வா” என்றார்.

ஒரு வாரம் போயிருக்கும். தியேட்டர் வாசலில் யாரோ பாட்டியம்மா என்னைத் தேடுவதாக வாட்ச்மேன் வந்து சொன்னார். கோப்பம்மாள். கண்டக்டர் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். மகனையும் கையோடு இழுத்து வந்திருந்தாள். ஒல்லியான உடம்பு, நேரான முதுகு. டாக்டரம்மா முன்னால் உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

“தாயி, அந்தப் பெட்டிய மாட்டுனா எம்புள்ளைக்கு மூச்சு நிக்காதா?”

“நிக்காதும்மா.”

“நெசமா?”

“நிஜமா.”

கிழவி மகனைப் பாராமல் சொன்னாள். “இவன் பொண்டாட்டி போனதுல இருந்து, இவன் கட்டிலுக்குப் பக்கத்துல பருத்திமார் ஒண்ணு வச்சுக்கிட்டுப் படுத்திருக்கேன். கொறட்டை கேட்டுக்கிட்டு இருந்தா சும்மா இருப்பேன். நின்னா ஒரு குத்து. திரும்ப மூச்சு வரும். ராவெல்லாம் இதான் எனக்கு வேல. நான் பகல்ல ஒறங்கிக்கிடுவேன். இவனுக்குத் தெரியாது.”

காய்ந்த பருத்திச் செடியின் குச்சியைத்தான் பருத்திமார் என்போம், அடுப்பெரிக்கிறது. அண்ணாச்சி சட்டைக்கு மேலேயே விலாவைத் தடவிப் பார்த்தார். “அதான் வெலாவுல சிராய்ப்பா இருக்கும்” என்று முணுமுணுத்தார்.

“எனக்கு வயசாவுது தாயி. நேத்து கண்ணசந்துட்டேன். எந்திரிச்சுப் பாத்தா இவன் நீலம் பாரிச்சுக் கெடக்கான். எனக்குப் பெறகு இவன யாரு குத்துவா?” என்று கேட்டவள் மகன் பக்கம் திரும்பினாள். “ஏலே, நான் செத்தா எடுக்கப் போற மீசதானல? செத்த பெறகு எடுத்தா அது எனக்கா தெரியப்போவுது? இப்ப எடு. எனக்காவ எடுக்கத நான் கண்ணால பாக்கணும்.”

“எம்மா, வாய மூடு.”

“நீ மூடுல. அந்த வாய மூடத்தான துணி வேற கட்டுதாகளாம்.”

டாக்டரம்மா தலையைக் குனிந்துகொண்டார். தியேட்டரில் ஷேவிங் பண்ணுவது என் வேலைதான். ஆனால் அன்றைக்கு நான் மாட்டேன் என்றுவிட்டேன். வாட்ச்மேன் போய்த் தெருமுனை சலூன்காரரைக் கூட்டிவந்தார். கத்தி பட்டதும் அண்ணாச்சி கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். கிழவி மூடவில்லை. கடைசி மயிர் விழும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “சின்னப் புள்ளையில இருந்த மூஞ்சி” என்றாள்.

அன்றைக்கு மத்தியானமே மாஸ்க்கை வைத்தோம். ரப்பர் உதட்டில் கச்சிதமாகப் படிந்தது. டாக்டரம்மா குமிழைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கடைசிக் குறிக்குக் கொண்டுபோனார். குறட்டை தேய்ந்தது, நின்றது. நான் பயந்துபோய் நெஞ்சைப் பார்த்தேன். சீராக ஏறி இறங்கியது. மெஷின் இரைச்சலைத் தவிர ஒரு சத்தமில்லை. அவர் அப்படித் தூங்கி நான் பார்த்ததே இல்லை. டாக்டரம்மா என் தோளைத் தட்டிக் கீழே காட்டினார். கட்டிலுக்கு அடியில் வெறும் தரையில் கோப்பம்மாள் சுருண்டு படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். “ரெண்டு பேரையும் எழுப்பிடாதே” என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

அப்புறம் நடந்த கூத்தையும் சொல்ல வேண்டும். மீசையில்லாமல் அண்ணாச்சி ஊரில் இறங்கியதும் பார்த்தவர்களுக்கெல்லாம் ஒரே முடிவுதான். கடம்பூரிலிருந்து சொந்தக்காரர்கள் துட்டி கேட்க வந்துவிட்டார்கள். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு “ஐயோ, மதினி போயிட்டாவளே” என்று வாசலில் நுழைந்தால், கோப்பம்மாள் முற்றத்தில் மிளகாய் வத்தல் காயப்போட்டுக்கொண்டிருக்கிறாள். “அழுதது போதும், உள்ள வாங்க. காப்பி போடுதேன். யாரு யாரு எம்புட்டு அழுவுதீகன்னு இப்பவே பாத்துக்கிட்டேன்” என்றாளாம். அதைச் சொல்லும்போது அண்ணாச்சிக்குச் சிரிப்பில் கண்ணீர் வந்துவிடும்.

மெஷினை அவர் வீட்டிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார் டாக்டரம்மா. கரண்ட் போனால் மெஷின் நின்றுவிடும். அதற்காகப் பருத்திமார் கட்டிலோரமே இருந்தது. சில மாதங்களில் அண்ணாச்சிக்குக் கண் தெளிந்தது. டாக்டரம்மாவே ஒருநாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து எட்டயபுரம்வரை போய்வந்து, முதலாளியிடம் நேரில் சொன்னார். மறுநாள் அவர் வண்டியில் என் பழைய இடத்தில் போய் உட்கார்ந்தேன். முன்னால் கண்ணாடியில் மீசையில்லாத முகம், விழித்த கண். ஆடு மேய்க்கிறவர்கள் புது டிரைவர் என்று நினைத்து வழி விடவில்லை. அவருக்கு அதில்தான் வருத்தம்.

சில வருஷம் கழித்துக் கோப்பம்மாள் இறந்தாள், ஒரு பகல் தூக்கத்தில். கண்மாய்க் கரையில் அண்ணாச்சிக்கு மொட்டை போட்டார்கள். தலை முடிந்து கத்தி முகத்துக்கு வந்தபோது நாவிதர் தயங்கி நின்றார். எடுக்க அங்கே ஒன்றுமில்லை. கூடியிருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

“எடுத்தாச்சுய்யா. எங்கம்மா உசுரோட இருக்கும்போதே வாங்கிட்டா” என்றார் அண்ணாச்சி. பிறகு நாவிதர் கையைப் பிடித்துத் தன் மேலுதட்டில் வைத்துக்கொண்டார். “இருந்தாலும் ஒரு இழுப்பு இழு.” வெறும் உதட்டில் கத்தி போயிற்று. அப்போதுதான் அவர் உடைந்து அழுதார்.

அண்ணாச்சி ஓய்வு பெற்றுப் பல காலம் இருந்தார். மெஷின்கள் மாறின, சிறிதாயின. முத்துச்செல்வி காட்டினாளே, அது மாதிரி உதட்டில் படாத மாஸ்க் முதன்முதலில் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்த அன்று, நான் அதை எடுத்துக்கொண்டு நேரே நாகலாபுரம் ஓடினேன். “அண்ணாச்சி, இனிமே நீங்க மீசை வச்சுக்கிடலாம்!” என்று வாசலிலிருந்தே கத்தினேன்.

அவர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மழித்த மேலுதட்டில் எட்டிப்பார்த்த நரையை விரலால் ஒருமுறை தடவிக்கொண்டார். பிறகு என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

“அது எங்கம்மாவுக்குக் குடுத்ததுடே முருகேசு. அவகிட்ட எப்படிடே திருப்பிக் கேப்பேன்?”